குக்குலு: செடியிலிருந்து மாத்திரை வரை, சரக்கு எங்கே கெடுகிறது?

கல்வக்கல்:
குக்குலு என்கிற செடிப் பிசினோடு மூலிகைப் பொடி சேர்த்துச் செய்யும் திரிபலா குக்குலு, யோகராஜ குக்குலு மாத்திரைகள் இரண்டையும் சின்ன அளவில் கையாலேயே இடித்து உருட்டுகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மூன்று விஷயம் தெளிவாக வேண்டும்.

ஒன்று, கடைக்குக் கடை சரக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஓரிடத்தில் கருஞ்சிவப்பாகப் பிசுபிசுப்பு, இன்னோரிடத்தில் மஞ்சளாகக் கண்ணாடி மாதிரி உடைகிறது. எது குக்குலு?

இரண்டு, சுத்தி, அதாவது மருந்தில் சேர்க்கும் முன் சரக்கைத் தூய்மைப்படுத்துவது. கோமியமா, பாலா, திரிபலா கஷாயமா? அளவோடு சொல்லுங்கள். 'போதிய அளவு' என்று எழுதாதீர்கள்.

மூன்று, மாத்திரை காய்ந்ததும் சிலது வெடிக்கிறது, சிலது கல்லாகிறது, மழைக்காலத்தில் பூஞ்சணம் பூக்கிறது. ஏன்?

மாசிவீதிச் சரக்கு:
முதல் கேள்விக்கு நான் சொல்றேன். மஞ்சளா கண்ணாடி மாதிரி உடையறது குங்கிலியம். சால மரத்துப் பிசின், இல்லேன்னா வெள்ளைக் குந்திரிக்கம்னு சொல்ற வேறொரு மரத்துப் பிசின். குங்கிலிய வெண்ணெய்க்கு அதுதான் வேணும், குக்குலு மாத்திரைக்கு ஆகாது. கடைப் பையன் ரெண்டையும் ஒரே டப்பா வரிசையில வச்சிருப்பான். நீங்க 'குங்குலு'ன்னு இழுத்துச் சொன்னா அவன் காதுல குங்கிலியம்னுதான் விழும். 'மயிசாட்சி குக்குலு'ன்னு கேளுங்க.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கு. மிளகு அளவு துண்டை எடுத்து ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு விரலால் கரைங்க. குக்குலுன்னா தண்ணி பால் மாதிரி வெளுக்கும், அடியில் மண்ணும் பட்டைத் தூளும் தங்கும். குங்கிலியத்துல தண்ணியில கரையற பகுதியே கிடையாது. வெந்நீரில் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான், தண்ணி தெளிவாவே நிக்கும். முழுசா கரைஞ்சு கொழகொழன்னு தெளிவா நின்னா கருவேலம் பிசினோ வேப்பம் பிசினோ கலந்திருக்கான்.

அடுத்தது நெருப்பு. ஊசி முனையில் குத்தி விளக்குல காட்டினா நல்ல சரக்கு உப்பி, வெடிச்சு, புகையோட எரியும். வெயிலில் வச்சா இளகும். நாக்குல வச்சா கசக்கும். இந்த மூணு அடையாளமும் பழைய நூல்லயே இருக்கு: தீயில் எரியும், வெயிலில் இளகும், வெந்நீரில் பாலாகும்.

பொடிக்கொல்லை:
அண்ணாச்சி சொன்ன வெந்நீர்ச் சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. வெள்ளைப்போளம் கலந்திருந்தாலும் தண்ணீர் பாலாகத்தான் ஆகும். இரண்டும் ஒரே பேரினத்துச் செடிகளின் பிசின், கசப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரித்துப் பார்க்க, கொஞ்சம் சரக்கை ஈதரில் கரைத்து வடித்து, ஈதர் ஆவியானதும் நிற்கிற படலத்தில் நைட்ரிக் அமில ஆவி படவிட வேண்டும். போளம் ஊதா நிறம் காட்டும், குக்குலு காட்டாது. இதை வீட்டு அடுப்படியில் செய்யாதீர்கள். ஈதர் தீப்பிடிக்கும், அமில ஆவி நுரையீரலுக்கு ஆகாது. கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்தால் அரை மணி வேலை.

மொத்தமாக வாங்குகிறவர்கள் சோதனைச் சீட்டு கேளுங்கள். ஆயுர்வேத ஃபார்மகோபியா சொல்லும் அளவு: மொத்தச் சாம்பல் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, அமிலத்தில் கரையாத சாம்பல் 1 விழுக்காட்டுக்கு மேல் கூடாது, சாராயத்தில் கரைவது குறைந்தது 27, நீரில் கரைவது குறைந்தது 53. முதலில் பார்க்க வேண்டியது அமிலத்தில் கரையாத சாம்பல். அது 3, 4 என்று வந்தால் நீங்கள் காசு கொடுத்தது மணலுக்கு.

கிளுவைவேலி:
இந்தச் செடி எப்படி இருக்கும்? நம்ம வேலிக் கிளுவைக்குச் சொந்தம்னு கேள்வி. அப்போ கிளுவைப் பாலை எடுத்தா என்ன?

கட்ச்வாசி:
சொந்தம்தான். கமிஃபோரா என்கிற ஒரே பேரினம். வேலி முள்கிளுவை கமிஃபோரா பெர்ரியி, குக்குலு கமிஃபோரா வைட்டியி. அதற்காகக் கிளுவைப் பாலைக் குக்குலு கணக்கில் சேர்க்க முடியாது. நூலில் சொல்லும் குணமும், ஆய்வில் பேசப்படும் குகுல்ஸ்டீரோன் என்கிற வேதிப்பொருளின் கணக்கும் குக்குலுச் செடிக்கு உரியவை.

இங்கே குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் லக்பத், நகத்ராணா பக்கத்துக் கல்மேடுகளிலும், ராஜஸ்தானில் ஜெய்சல்மேர், பார்மேர், ஜோத்பூர் வறள்நிலத்திலும், ஆரவல்லி அடிவாரத்திலும் வளர்கிறது. எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் தார்பார்கர், நகர்பார்க்கர். இரண்டு மூன்று மீட்டர் உயரப் புதர். கிளைகள் கோணல்மாணலாக முறுக்கி, நுனி முள்ளாகக் கூர்ந்து நிற்கும். பட்டை சாம்பல் நிறத்தில் காகிதம் போல ஏடு ஏடாக உரியும், உரித்தால் அடியில் பச்சை. வருஷத்தில் பெரும்பகுதி இலை இருக்காது. மழை விழுந்ததும் சின்னச் சின்ன இலை துளிர்க்கும், ஓரம் பல் பல்லாக இருக்கும். காய் பழுத்தால் சிவப்பு. இலையில்லாத நாளில் புதியவர் கண்ணுக்குச் செத்த சுள்ளிக் கட்டாகத்தான் தெரியும்.

பால் எடுப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். சரக்கு கெடுவதும் செடி சாவதும் அங்கேதான் ஆரம்பம்.

பால் ஓடும் நாளங்கள் பட்டையில் இருக்கின்றன, கட்டையில் இல்லை. அதனால் கத்தி பட்டையின் கனத்தோடு நிற்க வேண்டும். கட்டையைத் தொட்டால் கூடுதல் பால் வராது. காயம் ஆறாது, கரையானும் பூஞ்சணமும் உள்ளே போக வழி கிடைக்கும். கோடாலியால் கொத்துகிறவர்கள் செய்வது இதுதான். ரப்பர் மரத்துக்குப் பயன்படுத்தும் கத்தி மாதிரி ஆழம் கட்டுப்படும் கத்திதான் சரி.

காலம்: டிசம்பரிலிருந்து மார்ச் வரை. மழையில் எடுத்தால் நீரில் கரையும் பகுதி கழுவிக்கொண்டு போய்விடும். செடிக்கு எட்டுப் பத்து வயதாவது ஆகியிருக்க வேண்டும், அடித்தண்டு 7-8 செ.மீ. பருமன் வந்திருக்க வேண்டும். கீறல் சாய்வாக, தண்டைச் சுற்றி வளைக்காமல் இருக்க வேண்டும். இரண்டு கீறல் சுற்றிவந்து ஒன்றோடொன்று சேர்ந்தால் இலையிலிருந்து கீழே இறங்குகிற உணவு நாளம் அறுந்து, வேருக்கு உணவில்லாமல் செடி பட்டுப்போகும். கீறியதும் வெளிர்மஞ்சளாகக் கசியும், காற்றுப்பட்டுப் பொன்னிறமாகி, பழுப்பாகி இறுகும். 10-15 நாள் இடைவெளியில் இறுகியதைக் கையால் பிய்த்தெடுக்க வேண்டும். ஒரு செடிக்கு ஒரு பருவத்தில் கால் கிலோவிலிருந்து அரை கிலோ வரை கிடைத்தால் நல்ல விளைச்சல்.

தண்டில் ஒட்டியிருக்கும்போதே எடுத்தது முதல் தரம். சொட்டித் தரையில் விழுந்தது மணலும் சருகுமாக இரண்டாம் தரம். கீழே ஒரு துணி விரித்தால் போதும், பொடிக்கொல்லை சொன்ன சாம்பல் கணக்கு சரியாகிவிடும். ஆனால் வியாபாரி எடை பார்த்துத்தான் காசு கொடுக்கிறான். மணலும் எடைதானே, துணி விரிக்க எவன் மெனக்கெடுவான்?

இன்னொன்று. காட்டில் நிற்கும் செடியில் வனத்துறை அனுமதியில்லாமல் கத்தி வைக்கக் கூடாது. சுற்றுலா வந்த இடத்தில் நாலு கீறு கீறிப் பார்க்கலாம் என்று யாரும் கிளம்பாதீர்கள். ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் இது மிக அருகிய இனம், காட்டில் அற்றுப்போவதற்கு முந்தைய படி.

பச்சிலை:
கீறின இடத்தில் ஏதோ பூசறாங்கன்னு கேள்விப்பட்டேன். அது என்ன?

கட்ச்வாசி:
பழைய வழக்கம் ஒரு கலவை. குக்குலுவையே கொஞ்சம் எடுத்து, குதிரை அல்லது காட்டுக் கழுதை மூத்திரத்தில் குழைத்து, மயில்துத்தம் சேர்த்துக் கத்தியிலும் காயத்திலும் தடவுவார்கள். புதிய வழக்கம் எத்திஃபான் ஊசி. பழம் பழுக்க வைக்கிற அதே மருந்து. இரண்டும் செய்வது ஒன்றுதான்: செடிக்கு ஆபத்து வந்ததாகக் காட்டி, இருக்கிற பாலையெல்லாம் ஒரே பருவத்தில் கக்க வைப்பது. விளைச்சல் பல மடங்கு கூடும். அளவு மீறினால் அடுத்த மழைக்குச் செடி துளிர்க்காது. பட்டை கருத்து, தட்டினால் பொக்கென்று சத்தம் கேட்கும்.

எடுக்கிறவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. செடி பொதுநிலத்தில் நிற்கிறது. இவர் விட்டுவைத்தால் நாளைக்கு வேறொருவர் வந்து எடுப்பார். பட்டா நிலத்தில் வரப்போரமாக வளர்த்தவர்கள் இப்படிப் பூசுவதில்லை.

பொடிக்கொல்லை:
மயில்துத்தம் என்றால் செம்பு. ஆயுஷ் சோதனையில் பார்க்கிற கன உலோகங்கள் நான்கு, உச்ச வரம்போடு: ஈயம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. செம்பு அந்த வரிசையில் இல்லை. அதனால் சோதனைச் சீட்டு 'தேறியது' என்று வந்தாலும் துத்தம் பட்டதா இல்லையா என்று அதிலிருந்து தெரியாது. மொத்தமாக வாங்குகிறவர்கள் செம்பையும் பார்க்கச் சொல்லித் தனியாக எழுதிக் கொடுங்கள். பச்சை படர்ந்த துண்டு கண்ணில் பட்டால் அதை மட்டும் பொறுக்கிப் போடாமல் அந்த மூட்டையையே திருப்பி அனுப்புங்கள்.

மாசிவீதிச் சரக்கு:
திருப்பி அனுப்பலாம், மாத்துச் சரக்கு யார் தருவா? சிந்துச் சரக்குதான் ரொம்ப நாளா அமிர்தசரஸ் மண்டி வழியா வந்துக்கிட்டிருந்தது. 2019 பிப்ரவரியில பாகிஸ்தான் சரக்குக்கு 200 விழுக்காடு சுங்க வரி போட்டாங்க. 2025 மே மாசம் இறக்குமதியையே மொத்தமா நிறுத்திட்டாங்க. இப்படி வழி அடைபடும்போதெல்லாம் கலப்படம்தான் கூடும். சலாய் மரத்துப் பிசின் பாதிக்குப் பாதி கலந்த சரக்கு கையில எடுத்தாலே தெரியும், மணம் பறங்கிச் சாம்பிராணி பக்கம் சாயும்.

தைலச்சட்டி (சித்த மருத்துவர்):
சுத்திக்கு வருகிறேன். அரை கிலோ சரக்குக்குக் கணக்கு சொல்கிறேன், மற்றதை நீங்கள் பெருக்கிக்கொள்ளலாம்.

சரக்கை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். பிசுபிசுப்பு போய் மொடமொடவென்று உடையும். கொட்டைப்பாக்கு அளவாக உடைத்து, கண்ணுக்குத் தெரிகிற பட்டை, கல், முடி எல்லாவற்றையும் பொறுக்குங்கள். வெயிலில் உலர்த்தி உடைக்கப் பார்த்தால் உலக்கையோடு ஒட்டிக்கொண்டு வேலை இரட்டிப்பாகும்.

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் கொட்டை நீக்கி ஒன்றிரண்டாக இடித்து, மூன்றும் சம எடையாக மொத்தம் 500 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். 8 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் மிதமான தீயில் 2 லிட்டராகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டுங்கள். இரும்புச் சட்டி கூடாது. கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கஷாயம் மையாகக் கருத்துப்போகும். எவர்சில்வர், வெள்ளீயம் பூசிய பித்தளை, மண்சட்டி எதுவானாலும் சரி.

உடைத்த குக்குலுவை இரட்டை மல் துணியில் தளர்வாக முடிந்து, குறுக்கே ஒரு கம்பு வைத்து, முடிச்சு கஷாயத்தில் மூழ்கும்படியும் அடியைத் தொடாதபடியும் தொங்கவிடுங்கள். இதுதான் துலாயந்திரம். முடிச்சு அடியைத் தொட்டால் துணியோடு தீயும், தீய்ந்த வாடை கடைசி மாத்திரை வரை போகாது. தீ சிறியதாக இருக்கட்டும். அவ்வப்போது அகப்பையால் முடிச்சை அமுக்கி அமுக்கி விடுங்கள். குக்குலு கரைந்து துணி வழியாக இறங்க, கஷாயம் கலங்கிக் கெட்டிப்படும். துணிக்குள் பட்டையும் மணலும் நரநரவென்று மட்டும் கைக்குத் தட்டுப்படும்போது போதும். சரக்கின் தரத்தைப் பொறுத்து ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி வரை ஆகும்.

சட்டியிலிருப்பதைச் சூட்டோடு சூடாக இன்னொரு துணியில் வடித்துவிடுங்கள். ஆறினால் துணி அடைத்துக்கொள்ளும். வடித்ததை மறுபடி சின்னத் தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். இந்தக் கட்டத்தில் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. அடிபிடிக்கப் பார்த்தால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சட்டியை இறக்கி வைத்துக் கிண்டலாம். அல்வாப் பதம் வந்ததும் நெய் தடவிய பலகையிலோ தட்டிலோ மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காயவையுங்கள். ஆடி ஆவணி வெயில் உத்தமம். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். பரப்பியது நாலு நாளில் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு அதை எந்தச் சுத்தியும் காப்பாற்றாது.

கல்வக்கல்:
டாக்டர், ஒரு சந்தேகம். 500 கிராம் போட்டு முடிவில் 560 வந்தால் அது எப்படி?

தைலச்சட்டி:
கஷாயத்தில் இறங்கிய திரிபலாவின் சத்தும் கூடவே வற்றிக் காய்கிறது. மணலும் பட்டையும் போன எடையை அது ஈடுகட்டிவிடும், சில சமயம் தாண்டியும் போகும். எடை கூடியதைப் பார்த்துச் சரக்கு மிச்சமானதாக நினைக்க வேண்டாம். துணியில் தங்கிய கசண்டைக் காயவைத்து எடை போடுங்கள். 500-ல் கசண்டு 120 என்றால் உள்ளே போன குக்குலு 380-தான். யோகத்துக்கு, அதாவது மருந்துக் கலவைக்கு, 250 கிராம் சுத்திசெய்த குக்குலு என்று நிறுக்கும்போது இந்த விகிதம் நினைவில் இருக்கட்டும். கசண்டு கால் பங்கைத் தாண்டினால் சரக்கை மாற்றுங்கள்.

பச்சிலை:
கோமியம்தான் உத்தமம்னு சொல்றாங்களே?

தைலச்சட்டி:
ஃபார்மகோபியாவில் கோமியம், திரிபலா கஷாயம், ஆடாதோடைக் கஷாயம் அல்லது சாறு, மஞ்சள்பொடி சேர்த்த நொச்சிச் சாறு, பால் என்று பலதும் இருக்கின்றன. இதில் ஏதாவது ஒன்று போதும். நான் சொல்வது வேலைப்பாட்டைப் பார்த்து. பால் திரியும், அடிபிடிக்கும், காய்ந்ததும் கொழுப்பு காறும். பாலில் செய்ததை அதிக நாள் வைக்க முடியாது. கோமியம் நல்லதுதான், ஆனால் எந்த மாடு, என்ன தின்றது, ஊசி போட்டிருந்ததா என்று தெரியாமல் எடுக்கக் கூடாது. காயும்வரை வீட்டில் வாடையும் இருக்கும். வாத நோய்க்கான யோகம் என்றால் நொச்சி பொருந்தும். எதுவும் குறிப்பாகச் சொல்லாத இடத்தில் திரிபலா.

கிளுவைவேலி:
சுத்தி செய்யாமலே நேரா நெய்யில வறுத்து இடிக்கிறாங்களே சில இடத்துல?

தைலச்சட்டி:
வறுத்தால் இளகும், இடிக்க வசதி, அவ்வளவுதான். மணல் உள்ளேயே இருக்கும். சுத்தி செய்யாத குக்குலு வயிற்றைக் கழியவைக்கும், உடம்பில் தடிப்பும் அரிப்பும் எழுப்பும், பெண்களுக்கு மாதவிலக்கைக் கலைக்கும். முதல் படியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்வதில் பொருளில்லை.

கல்வக்கல்:
இப்போது மாத்திரை.

தைலச்சட்டி:
திரிபலா குக்குலுவையே எடுத்துக்கொள்வோம். சரக்கு குறைவு, தப்பு நடந்தால் கண்டுபிடிக்கச் சுலபம். கடுக்காய்த் தோல் 50 கிராம், தான்றிக்காய்த் தோல் 50, நெல்லி வற்றல் 50, திப்பிலி 50, சுத்திசெய்த குக்குலு 250. பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சார்ங்கதரர் சொல்லும் பங்கு இதுதான், 'பலம்' என்ற பழைய எடையைக் கிராமாக்கியிருக்கிறேன். யோகராஜத்தில் கடைச்சரக்கு இருபதுக்கு மேல் வரும், அவற்றின் மொத்த எடைக்குச் சமமாகக் குக்குலு.

நான்கையும் தனித்தனியாக இடித்து, மெல்லிய துணியில் சலித்து, அதற்குப் பிறகு எடை போடுங்கள். நிறுத்துவிட்டு இடித்தால் திப்பிலி நாரும் நெல்லி வற்றல் சக்கையும் சல்லடையில் நிற்க, பங்கு மாறிவிடும். நெல்லி வற்றல் கடைசிவரை ஈரம் பிடித்தது. இடிப்பதற்கு முன் வெயிலில் காயவைக்காவிட்டால் மாத்திரையில் பூஞ்சணம் அதிலிருந்துதான் தொடங்கும்.

கல்லுரலைக் கொஞ்சம் சூடாக்கி, உள்ளே நெய் தடவி, குக்குலுவைப் போட்டு இடியுங்கள். இளகி நூல்விட்டதும் பொடியைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்க்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் பொடி குக்குலுவின் மேலே சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போகாது, அந்த மாத்திரைதான் பிறகு வெடிக்கிறது. உலக்கை ஒட்டும்போதெல்லாம் நெய் தொட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 450 கிராம் கலவைக்கு மொத்த நெய் 25-30 கிராமைத் தாண்ட வேண்டாம். கூடினால் மாத்திரை இறுகாது, வைத்திருக்க வைத்திருக்கக் காறும். குறைந்தால் கையில் ஒட்டும், காய்ந்ததும் பிளக்கும்.

பதம் இப்படி: ஒரு உருண்டையை விரலிடுக்கில் அமுக்கினால் ஓரம் வெடிக்காமல் தட்டையாக வேண்டும், கை ரேகை அதில் பதிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. பிட்டுப் பார்த்தால் உள்ளே கருப்புப் புள்ளியோ பொடித் திட்டோ இல்லாமல் ஒரே நிறம். இந்த மூன்றும் வரும்வரை இடிதான். நூல்களில் லட்சம் இடி என்று எழுதி வைத்தது மிகை, ஆனால் கால் மணி நேரத்தில் முடிகிற வேலையும் இல்லை. காய்ந்த பிறகு 500 மில்லிகிராம் வேண்டுமென்றால் ஈரத்தில் 600 வரை உருட்டுங்கள்.

நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி உள்ளீரம் மாட்டிக்கொள்ளும். வெடிப்புக்கு இது இரண்டாவது காரணம். உலர்த்தும் பெட்டி இருந்தால் 45 டிகிரிக்குள்.

பொடிக்கொல்லை:
கல்லாகிப் போவதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். சுத்தி செய்த களியை அதிகத் தீயில் வற்றவைத்தால் வாசனை எண்ணெய் பறந்துவிடும். ரெசினை இளக வைத்திருந்தது அந்த எண்ணெய்தான். அது போனால் மாத்திரை நாளாக நாளாக இறுகும், வயிற்றில் கரையாது. வெந்நீரில் ஒரு மாத்திரையைப் போட்டு அவ்வப்போது ஆட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் உருண்டை அப்படியே இருந்தால் அது சாப்பிட்டவர் வயிற்றைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற மருந்து. பழைய மாத்திரையை முழுங்காமல் பொடித்து வெந்நீரில் கலக்கிக் குடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மாசிவீதிச் சரக்கு:
கொழுப்பைக் கரைக்கும்னு சொல்லிக் கேட்டு வர்றவங்கதான் இப்போ அதிகம். அதுக்கு என்ன பதில் சொல்றது?

பொடிக்கொல்லை:
இதில் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சுசுருதர் மேதோரோகத்துக்கு (உடம்பில் கொழுப்பு மிகும் நோய்க்கு) சொன்னதை வைத்து 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு தொடங்கியது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் எத்தில் அசிட்டேட்டில் பிரித்த சத்தைக் குகுலிபிட் என்ற பெயரில் 1980களின் பின்பாதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1994-ல் வெளியான இந்திய ஆய்வொன்றில் 61 பேரிடம் 24 வாரம் பார்த்ததில், சத்தை எடுத்த பாதிப் பேருக்கு எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு சுமார் 12 விழுக்காடு குறைந்தது.

2003-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 103 பேரிடம் 8 வாரம் பார்த்தார்கள். எல்.டி.எல். குறையவில்லை. 1000 மில்லிகிராம் மூன்று வேளை எடுத்தவர்களுக்கு 4 விழுக்காடு, 2000 எடுத்தவர்களுக்கு 5 விழுக்காடு கூடியது. ஆறு பேருக்கு ஒவ்வாமைத் தடிப்பு. எனவே 'கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுங்கள்' என்று கடையில் யாரும் சொல்லக் கூடாது. அண்ணாச்சி, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

தைலச்சட்டி:
அந்த அமெரிக்க ஆய்வில் கொடுத்தது பிரித்தெடுத்த சத்து. துலாயந்திரத்தில் சுத்தி செய்து நெய்யில் இடித்த மாத்திரை அல்ல. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரியில்லை. அளவும் பத்தியமும் வேறு.

பொடிக்கொல்லை:
ஒத்துக்கொள்கிறேன் டாக்டர். ஆனால் அந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். கொழுப்பு குறைந்ததாகச் சொன்ன 1994 ஆய்வும் பிரித்தெடுத்த சத்தில் செய்ததுதான். மாத்திரைக்கு அதைச் சாட்சியாகக் காட்டினால், 2003-ஐயும் காட்டத்தான் வேண்டும்.

தைலச்சட்டி:
சரிதான். மூட்டு வாதத்துக்கும் கட்டிகளுக்கும் நான் எழுதுவேன், கொழுப்புக்கு மட்டும் என்று தனியாக எழுதுவதில்லை. யாருக்குக் கூடாது என்பதையும் இங்கேயே போட்டுவிடலாம். கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. பாலூட்டுகிறவர்களுக்கும் வேண்டாம். அதிக மாதப்போக்கு உள்ளவர்கள், தைராய்டு கோளாறுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் தாமாக எடுக்கக் கூடாது.

பொடிக்கொல்லை:
இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் புரோப்ரனலால், டில்டியாசம் இரண்டும் உடம்பில் சேரும் அளவைக் குக்குலு குறைக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. தடிப்பு எழுந்தால் 'உடம்பு சூடு' என்று மோர் குடித்துக்கொண்டே தொடர வேண்டாம், அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

பச்சிலை:
எவ்வளவு நாள் பழசான சரக்கு நல்லது? புதுசா, பழசா?

தைலச்சட்டி:
நூல் இரண்டையும் பிரித்துச் சொல்கிறது. புதிய குக்குலு உடம்பைத் தேற்றும், பழையது மேதஸை, அதாவது உடற்கொழுப்பைச் சுரண்டும். புதியது பொன்னிறமாக, பிசுபிசுப்பாக, மணமாக இருக்கும். பழையது கருத்து, வறண்டு, மணம் மங்கும். பாவப்பிரகாசம் என்கிற ஆயுர்வேத நூல் ஐந்து வகை சொல்கிறது: மகிஷாட்சம், மகாநீலம், குமுதம், பத்மம், ஹிரண்யம். முதல் இரண்டு யானைக்கு, அடுத்த இரண்டு குதிரைக்கு, பொன்னிற ஹிரண்யம் மனிதருக்கு, மகிஷாட்சமும் சில சமயம் மனிதருக்கு ஆகும். நம் கடைகளுக்கு வருவது அந்த மகிஷாட்சப் பெயரில்தான்.

கிளுவைவேலி:
ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் இதை வச்சுப் பார்க்கலாமா? நிலம் வறண்டது, முள்கிளுவை நல்லா வருது.

கட்ச்வாசி:
செடி வரும். பால் வருமா என்பது வேறு விஷயம் தம்பி.

விதையை நம்ப வேண்டாம். விதையில் கருப்பு, வெள்ளை என்று இரண்டு நிறம் உண்டு. முளைப்பது கருப்புதான், அதிலும் கொஞ்சம்தான். ஆண் செடிகள் மிக அரிது, பெரும்பாலும் மகரந்தம் சேராமலேயே விதை பிடிக்கும். போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு, வைப்பதுதான் வழி. ஜூன், ஜூலையில், விரல் பருமனுக்குக் கொஞ்சம் கூடுதலாக, 20-25 செ.மீ. நீளத்தில், முற்றிய கிளையில் வெட்டுங்கள். வெட்டுவாய் பால் காய ஓரிரு நாள் நிழலில் கிடக்கட்டும். மணல் அதிகமான கலவையில் மூன்றில் ஒரு பங்கு புதையும்படி நட்டு, தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள். போத்து சாவது பெரும்பாலும் வறட்சியால் இல்லை, அடி அழுகித்தான். அடுத்த மழைக்கு நிலத்தில் இரண்டிலிருந்து மூன்று மீட்டர் இடைவெளியில் வைக்கலாம். களிமண், தண்ணீர் தேங்கும் பள்ளம் இரண்டும் ஆகாது. சரளை மேடு வேண்டும். ஆட்டுக்கு எட்டாமல் முதல் இரண்டு வருஷம் வேலி வேண்டும். இங்கே இலைக்கள்ளிப் புதருக்குள் முளைத்த கன்றுதான் பெரும்பாலும் தப்புகிறது.

பிரச்சினை மழை. இங்கே டிசம்பரில் கத்தி வைக்கும்போது வானம் காய்ந்து கிடக்கும். உங்கள் பக்கம் ஐப்பசியிலிருந்து மார்கழி வரைதான் மழையே. செடி அப்போது இலையோடு நிற்கும். தை கழிந்து இலை உதிர்ந்த பிறகு, மாசி பங்குனியில்தான் கீற முடியும். கடலோர ஈரக்காற்றில் பால் இறுக நாளாகும், அதற்குள் எறும்பும் தூசியும் ஒட்டும். கரையை விட்டு உள்ளே தள்ளி வைப்பது நல்லது. நாற்று வேண்டுமென்றால் அந்தந்த மாநில மூலிகைப் பயிர் வாரியத்தின் வழியாகக் கேளுங்கள். காட்டுச் செடியில் போத்து ஒடிப்பதும் கீறுவது மாதிரிதான், அனுமதி வேண்டும்.

எட்டுப் பத்து வருஷம் காத்திருக்க மனசிருந்தால் வையுங்கள். வருமானத்துக்கு இதை மட்டும் நம்பி வேண்டாம், வரப்போரம் முள்வேலியாகவே வைக்கலாம்.

கல்வக்கல்:
கடைசியாக ஒன்று. துணியில் தங்கும் கசண்டை என்ன செய்கிறீர்கள்? வாசனை இருக்கிறது, எறிய மனம் வரவில்லை.

மாசிவீதிச் சரக்கு:
காயவச்சு, கல்லைச் சலிச்சு எடுத்துட்டு, வேப்பிலைச் சருகும் வெண்கடுகும் சேர்த்துத் தணல்ல போட்டுப் புகை போடலாம். கல்லை எடுக்காம போட்டா தணல்ல தெறிக்கும், கண்ணு ஜாக்கிரதை. ஆஸ்துமா உள்ள வீட்டில் போடாதீங்க.

தைலச்சட்டி:
புகைக்கு முன் ஒரு முறை அந்தக் கசண்டை மட்டும் கொஞ்சம் வெந்நீரில் பிசைந்து பாருங்கள். தண்ணீர் இன்னும் வெள்ளையாகக் கலங்கினால் சுத்தி பாதியில் நின்றிருக்கிறது. முடிச்சைத் திரும்பச் சட்டியில் தொங்கவிடுங்கள்.